நாலாவது பெட்டி சொன்ன சூடு

அந்த ஆயுத பூஜை மத்தியானத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஓர் அக்கா பீங்கான் பியூஸ் கட்டை செய்யும் யூனிட் நடத்திவந்தார். அதற்கு முன் இரண்டு சூளைச் சரக்கு வீணாகியிருந்தது. இதுவும் போனால் யூனிட்டை இழுத்து மூட வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார்.

சூளையின் கன்ட்ரோல் என் பொறுப்பு. நாலு பர்னருக்கு நாலு கன்ட்ரோல் பெட்டி, ஆனால் கேஸ் குழாய் ஒன்றுதான். ஒன்று அதிகம் இழுத்தால் இன்னொன்றுக்குக் குறையும். அதனால் பெட்டிகள் தங்கள் சூட்டைக் கேபிள் வழியே ஒன்றுக்கொன்று சொல்லி, விட்டுக்கொடுத்துத்தான் எரியும்.

பூஜைக்கு, அந்தக் கேபிள் போய்ச் சேரும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. அதோடு விட்டார்களா? சாமிப் பாட்டு இருந்த பென் டிரைவை யாரோ அதிலேயே செருகினார்கள். பாட்டோடு வைரஸும் வந்தது. எங்களைக் குறிவைத்துக்கூட வரவில்லை, ஊர் மேய வந்த சனியன். கேபிளை அடைத்துக்கொண்டது. பக்கத்துப் பெட்டியின் பழைய சூட்டையே நம்பி ஒவ்வொரு பெட்டியும் கேஸை இழுத்தது. பீங்கானோ வெந்து நிற்கிறது. ஒரு மூலை சட்டென்று குளிர்ந்தாலும் விண்டுவிடும்.

கேபிளைப் பிடுங்கினேன். பொரிகடலைப் பொட்டலத்தோடு நின்றவர்களைப் பெட்டிக்கு ஒருவராக நிறுத்தி, சூட்டைக் கத்திச் சொல்லச் சொன்னேன். நாலாவது பெட்டியில் அக்காவே நின்றார். வால்வுகளில் நான். மூன்று பெட்டிகளின் எண் ஏறி இறங்கித் தவித்தது. அக்கா மட்டும், "ஆயிரத்து இருநூறு இருக்குது தம்பி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு பர்னராவது நிற்கிறதே என்று, அதன் கேஸைக் குறைத்து மற்றவற்றுக்குக் கொடுத்தேன்.

அப்போதுதான் சூளைக்குள்ளே டிக் டிக்கென்று பீங்கான் விரிசல் விடும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் நாலாவது பெட்டியில் ஆயிரம்கூட இல்லை.

கோபத்தோடு அக்காவின் பக்கம் திரும்பினேன். 

"நல்ல நாளும் அதுவுமா, எறங்குதுன்னு என் வாயால எப்புடி சொல்லுவேன் தம்பி?" என்றார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தார். தொள்ளாயிரத்து எண்பது, தொள்ளாயிரத்து அறுபது என்று உள்ளதை உள்ளபடி படிக்க ஆரம்பித்தார். உள்ளே சத்தம் நிற்கவில்லை. சரக்கு போய்விட்டது, போதும் அக்கா என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.