உப்பா, நல்ல தண்ணியா?

நாலைந்து வருஷம் முந்தி, ஒரு ஜனவரி மாசம். மாலத்தீவில் ஒரு குட்டித் தீவுப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. எங்க சாத்தான்குளம், நாசரேத் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. தெருவுக்கு ஒருத்தராவது மாலத்தீவில் பாடம் நடத்திவிட்டு வந்திருப்பார். என்னைக் கட்டிக்கொடுத்தது தூத்துக்குடியில். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை, அதை விட்டுவிட்டு வர முடியாது. அதனால் நான் முதலில் போய் ஒரு வீடு பார்க்க வேண்டியது, பிறகு நாலு வயசு மகளைக் கூட்டிக்கொள்ள வேண்டியது, அவர் லீவு கிடைக்கும்போது வந்து போக வேண்டியது என்று பேச்சு.

என் மாமியார் ஒரே ஒரு கெடு வைத்தாங்க. ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அங்கே வீடு அமைய வேண்டும். இல்லையென்றால் பிள்ளையை இங்கேயே எல்.கே.ஜி.யில் சேர்த்துவிடுவோம், நட்ட செடியைப் பிடுங்கின மாதிரி நடுவில் பிடுங்கி அனுப்ப மாட்டோம் என்றாங்க. கோபம் வந்தாலும் அவங்க சொன்னதில் தப்பு இல்லை.

போனதும் தங்குவதற்குப் பள்ளிக்கூடத்திலேயே ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை போட்டுக் கொடுத்தாங்க. ஏ.சி. உண்டு, ஜன்னலைத் திறந்தால் காலண்டரில் பார்க்கிற மாதிரி கடல். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது சொர்க்கம்தான். எனக்கோ ஒரு டீ போட்டுக் குடிக்க அடுப்பு கிடையாது. உடுப்பை எல்லாம் சூட்கேஸிலிருந்து எடுப்பதும் திரும்ப அதிலேயே வைப்பதுமாக இருந்தேன். நாலு நாள் தங்குகிற இடம் வேறு, குடியிருக்கிற இடம் வேறு. அந்த அறையில் ஒரு பிள்ளையை வைத்து வளர்க்க முடியாது.

பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்த்த உள்ளூர் டீச்சர் ஒருத்தி சாயங்காலம் சாயங்காலம் என்னை வீடு பார்க்கக் கூட்டிப் போனாள். தீவே ஒரு பொடிநடைதான். முதல் வீடு நல்ல காற்றோட்டமான வீடு. வீட்டுக்காரம்மா சிரித்த முகமாக ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து தந்தாங்க. தூத்துக்குடிக்காரிக்கு வேறு எதுவும் கண்ணில் படுமா? இது எந்தத் தண்ணி என்று கேட்டேன். வாசலில் இருந்த பெரிய தொட்டியைக் காட்டினாங்க. ஒரு வாய் ஊற்றி, நாக்கில் புரட்டிப் பார்த்துவிட்டு, ஓரமாகப் போய்த் துப்பினேன். உப்பே இல்லை, இளநீர் மாதிரி இருந்தது. பரம திருப்தி. அதற்கப்புறம்தான் அடுப்படியையே எட்டிப் பார்த்தேன்.

மறுநாள் பதில் வந்தது, வீடு அவங்க சொந்தக்காரருக்கு வேண்டுமாம். இரண்டாவது வீட்டில் தொட்டிக் குழாயிலேயே கையில் பிடித்துப் பார்த்தேன். அங்கேயும் யாரோ வருகிறார்களாம். மூன்றாவது வீட்டுக்குப் பிறகு, கூட வந்த டீச்சருக்குச் சாயங்காலமானால் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். அதற்குப் பிறகு கேட்ட இடத்தில் எல்லாம் வாசலோடு அனுப்பினார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான புதுசில் தூத்துக்குடியில் வீடு தேடி நாங்கள் அலைந்த அலைச்சல் எனக்கு மறக்கவில்லை. "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்பார்கள், பதிலைச் சொன்னதும் வீடு இல்லை என்பார்கள். காரணம் சொல்லாமல் ஒருத்தர் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குப் படித்தா தெரிய வேண்டும்? இவர்களும் அப்படித்தான், நான் வேறு நாடு, வேறு மதம், அதுதான் விஷயம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் யாராவது சிரித்துப் பேசினால்கூட உள்ளுக்குள் எரிந்தது.

அதற்குள் மே மாசம் வந்துவிட்டது. வீடியோ கால் போட்டால் மகள் முகத்தைக் காட்ட மாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள். முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவளுக்கு என்னோடு பேச ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் ஒருநாள் மெதுவாகச் சொன்னார். "ஏளா, அமையலன்னா போட்டும். நீ வந்துரு." அன்றைக்குச் சாமான் வாங்கப் போன கடையில், நம்ம துறைமுகத்திலிருந்து தோணியில் வந்த வெங்காய மூட்டை கிடந்தது. சாக்கில் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் கடைக்காரர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

கடைசியாக ஒரு வெள்ளிக்கிழமை, படகுத் துறைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுப் பின்கட்டு காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டுத் தனியாகவே போனேன். ஐம்பது வயசுக்காரம்மா ஒருத்தர் முற்றத்து மரத்தடியில் ஊஞ்சல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்காரருக்கு வைத்தியம் பார்க்க வருஷக்கணக்கில் திருவனந்தபுரத்தில் தங்கியவர். மலையாளமும் தமிழும் கலந்து பேசினார். காயல்பட்டினத்தில் என்னோடு படித்த தோழி தன் அக்காவை லாத்தா என்பாள். அந்தப் பழக்கத்தில் நானும் அவரை லாத்தா என்றே கூப்பிட்டேன்.

லாத்தா தண்ணீர் தந்தார். தந்துவிட்டு உள்ளே போகாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் என் வழக்கப்படி ஒரு வாய் ஊற்றி, சுவை பார்த்து, ஓரமாகப் போய்த் துப்பினேன்.

"டீச்சரே, எங்க தண்ணி அவ்வளவு மோசமா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. பிறகு அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். இந்தத் தீவில் தோண்டினால் வருவது உப்புத் தண்ணீர். குடிக்கிறது எல்லாம் கூரையில் விழுகிற மழை. மழைக்காலத்தில் பிடித்துத் தொட்டியில் சேர்த்து, கோடை முழுக்க அளந்து குடிப்பார்கள். அந்தத் தண்ணீரைத்தான் வீட்டுக்கு வருகிற ஆளுக்கு முதலில் கொடுப்பார்கள். இந்தியா டீச்சர் அதை வாயில் ஊற்றி, கொடுத்தவர் கண்முன்னாலேயே துப்புகிறாள், நம்மிடம் அவ்வளவு அருவருப்பு அவளுக்கு என்று தீவு முழுக்கப் பேச்சாம். மதமும் இல்லை, நாடும் இல்லை. யாருக்கும் என் முகத்துக்கு நேரே கேட்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு நின்ற இடத்திலேயே உடம்பு கூசிப்போனது. நாக்கு குழறக் குழற எங்க ஊர்க் கதையைச் சொன்னேன். தூத்துக்குடியில் வீடு பார்க்கப் போனால் யாரும் ஹாலைப் பார்ப்பதில்லை, நேரே பம்புக்குத்தான் போவோம். ஒரு வாய் பிடித்து உப்பா, நல்ல தண்ணியா என்று பார்த்துத் துப்பிவிட்டுத்தான் வாடகையே கேட்போம். உப்புத் தண்ணி வீட்டில் மாட்டிக்கொண்டால் பருப்பு வேகாது, தலைமுடி சடை பிடிக்கும், குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓட வேண்டும். அங்கே வீட்டுச் சொந்தக்காரரே "குடிச்சுப் பாருங்க" என்று குழாயைத் திறந்துவிடுவார். துப்புவதை யாரும் தப்பாக எடுப்பதில்லை. எங்களுக்குத் தண்ணீர்மேல் இருக்கிற பயம்தான் அது, அருவருப்பு இல்லை என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. மகளைப் பற்றியும் அப்போதுதான் சொன்னேன்.

லாத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். திருவனந்தபுரத்தில் வீடு வீடாகப் போய், ஊஞ்சல் மாட்ட உத்தரம் எங்கே இருக்கிறது என்றுதான் இவர் முதலில் கேட்பாராம். ஊஞ்சல் இல்லாத வீடு தீவுக்காரர்களுக்கு வீடே இல்லையாம். இந்தப் பொம்பளை கூரையை இடித்துவிடுவாள் என்று பயந்து எத்தனையோ பேர் கதவைச் சாத்தினார்களாம். அந்த நோயாளி மனுஷனை வைத்துக்கொண்டு லாட்ஜ் லாட்ஜாக அலைந்ததைச் சொல்லும்போது சிரிப்பு நின்றுபோனது. ஒரே ஒருத்தி மட்டும், எதற்கு என்று கேட்டாளாம். அவள் வீட்டில்தான் கடைசிவரை இருந்தார்களாம்.

டம்ளரில் மிச்சம் இருந்த தண்ணீரை என் கையில் திரும்பக் கொடுத்தார். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

"இனி குடிச்சா போதும். நம்மட வீடுதான். மோளைக் கொண்டு வா."

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னாலேயே என் வீட்டுக்காரர் மகளைக் கொண்டுவந்து விட்டார். படகிலிருந்து இறங்கி வந்தவள் என் பக்கத்தில்கூட வரவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், நேரே தொட்டிக்குப் போனாள், குழாயைத் திருகிச் சின்னக் கையில் பிடித்து வாயில் ஊற்றினாள். ரத்தம் சும்மா விடுமா! லாத்தா ஊஞ்சலை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார். மகள் கன்னம் உப்ப என்னைப் பார்த்தாள், பிறகு மடக்கென்று விழுங்கினாள்.

"நல்ல தண்ணிம்மா" என்றாள். எத்தனையோ மாசம் கழித்து என்னை அம்மா என்று அவள் கூப்பிட்டது அப்போதுதான்.

ஒப்பந்தம் முடியும்வரை அந்தப் பின்கட்டில்தான் இருந்தோம். இப்போது தூத்துக்குடிக்கே திரும்பி, அந்தச் சம்பளத்தில் ஒரு வீடும் கட்டிவிட்டோம், மாடியில் ஒரு போர்ஷன் வாடகைக்கு விடுகிறோம். போன மாசம் வடக்கே இருந்து வேலைக்கு வந்த ஒரு தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். அந்தப் பெண் உள்ளே நுழைந்ததும் சுவரை எல்லாம் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் முகம் சுளித்தார். நான் அவரைக் கண்ணாலேயே அடக்கிவிட்டு, எதற்கு என்று கேட்டேன். அவர்கள் ஊர் மண்வீட்டில் கரையான் உள்ளே அரித்திருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பார்களாம். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம், சாவியைக் கொடுத்துவிட்டேன்.

கதவைச் சாத்துவதற்கு முன்னால் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு லாத்தா என் முகத்துக்கு நேரே கேட்டதால்தான் என் மகள் என் மடியில் வளர்ந்தாள்.