என் கைக்கு ஏழு பாகம்

அலகு எழுதாத விடைக்கு நான் புள்ளி போடுவதில்லை. "இலக்கம் சரிதானே ரீச்சர்" என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். சரியான இலக்கம் செய்யும் நாசம் எனக்குப் பத்து வயதிலேயே தெரியும்.

அப்பா குருநகரில் நண்டு வலை போடுகிறவர். வலை கடலின் அடியில் கிடக்கும். இடத்தைக் காட்ட இரண்டு முனையிலும் கயிற்றில் கட்டிய மிதப்பு மேலே நிற்கும். புது வலைக்கு ஏழு பாகத்தில் இரண்டு கயிறு வெட்டச் சொல்லி அண்ணனிடம் விட்டுப் போனார். அண்ணன் பந்தடிக்க ஓடிவிட்டான். நானே வெட்டினேன். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். ஏழு தரம் விரித்தேன். எண்ணிக்கையில் ஒரு பிழையும் இல்லை.

மைம்மல் இருட்டில் அந்த வலையை இறக்கிவிட்டு வந்த அப்பா, விடியப் போய் வெறுங்கையோடு திரும்பினார். மிதப்பைக் காணவில்லை. எவனோ அறுத்துக்கொண்டு போய்விட்டான் என்று அம்மா ஊரையே திட்டினார்.

"நான் ஏழு பாகம் எண்ணித்தான் வெட்டினனான்" என்றேன்.

"நீயோ வெட்டினது?" அப்பா நிமிர்ந்தார்.

அண்ணன் சிரித்தான். "ஆரின்ரை பாகம்? உன்ரை கட்டைக் கையாலையோ?"

அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அறைந்தேன். பிறகு அம்மாவின் தையல் நாடாவைக் கொண்டுவந்து அப்பாவின் கையை விரிக்கச் சொல்லி அளந்தேன். ஆறு அடி. எனக்கு நாலரை.

"அவடத்திலை எவ்வளவு தண்ணி, அப்பா?"

"ஐஞ்சரைப் பாகம் வரும்."

"உங்கடை பாகமோ?"

"பின்னை ஆரின்ரை?"

முப்பத்துமூன்று அடித் தண்ணீர். என் கயிறு முப்பத்தொன்றரை. மிதப்பை எவனும் அறுக்கவில்லை. அது ஒன்றரை அடி கீழே நிற்கிறது.

"வத்து நேரம் போங்கோ. தண்ணி இறங்க மிதப்பு தெரியும்."

"சும்மா இரு பிள்ளை" என்று அம்மா அதட்டினார். நான் விடவில்லை. அப்பா போகும்வரை சோறு தின்னமாட்டேன் என்று வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். மத்தியானம் அவர் போனார். வலையோடும் நண்டோடும் வந்தார்.

துறையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். எப்படி அகப்பட்டது என்று கேட்டார்கள்.

"நான்தான் அவசரத்திலை கயித்தைக் குறைச்சு வெட்டிப்போட்டன்" என்றார் அப்பா.

"இத்தினை வருசம் கடலுக்குப் போறாய், உனக்குப் பாகம் தெரியாதோ!" சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிழையும் என்னுடையது, கணக்கும் என்னுடையது. இரண்டையும் அவரே எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு கட்டுக் கயிற்றை என் முன்னால் போட்டார். "பத்துத் துண்டு வேணும். என்ரை பாகத்திலை ஏழு."

என் கைக்கு ஒன்பது தரம், மேலே ஒன்றரை அடி. முகத்தைத் திருப்பிக்கொண்டே பத்தையும் வெட்டினேன். பெட்டை தொட்ட வலை உருப்படாது என்று சொல்ல அந்தத் துறையில் எத்தனை வாய் காத்திருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அன்று அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தக் கயிற்றுக் கட்டு என் கைக்கு வந்தே இராது என்பதும் தெரியாது.