உலக்கைக்குக் கீழே ஒரு கை

லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியை யூமி என்ற ஜப்பான்காரப் பெண்ணுக்கு வாடகைக்கு விட்டதிலிருந்தே எனக்கு அவள்மேல் சந்தேகம்தான். தனியாள், எந்நேரமும் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். போன மாதம் மாடியிலிருந்து ஊறின அரிசி வேகும் வாசனை வந்தது. சாராயம்தான் காய்ச்சுகிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். மாடியிலிருந்து அவள் பின்பக்கத் தோட்டத்துக்கு இறங்கும் படிக்கட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

சற்று நேரத்தில் ஆவி பறக்கும் சோற்றோடு வாசல் வழியாக வந்து நின்றாள்.

"அக்கா, பின்னாடி உங்க உரல் வேணும். எங்க ஊரு அரிசிப் பலகாரம், மோச்சி, செய்யணும். நீங்க இடிங்க, நான் திருப்புறேன்."

என்னதான் செய்கிறாள், பார்ப்போமே என்று வீட்டு வழியாகப் பின்பக்கம் கூட்டிப்போய் உலக்கையைப் பிடித்தேன். சோற்றை உரலில் கொட்டினாள். ஒரு குத்து குத்திவிட்டு உலக்கையைத் தூக்கினேன். அதற்குள் ஈரக்கையை உள்ளே விட்டுச் சோற்றைப் புரட்டினாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஐயோ, கைய எடும்மா! நசுங்கிடப் போவுது!"

"நிறுத்தாதீங்க அக்கா, ஆறிட்டா பசையா வராது."

"எம்மேல அவ்ளோ நம்பிக்கையா?"

"நீங்க வீட்டுக்கார அக்காதானே?" என்றாள், உலக்கையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

மறுபடி இடிக்கத் தொடங்கினேன். உலக்கையைத் தூக்கும்போதெல்லாம் இடுப்பில் அந்தச் சாவி உறுத்தியது. அவள் கண்ணில் பட்டுவிடுமோ என்று முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன்.