அக்காவின் ரோபோவும் என் இடுக்கியும்

பிள்ளைகளே, உங்கள் அக்கா பாடசாலை ரோபோக் குழுவில் ஏன் இப்போது இல்லை என்று கேட்டீர்கள். காரணம் நான்தான்.

போட்டியில், நிலத்தில் கிடக்கும் பந்துகளை ரோபோ பொறுக்கிக் கூடையில் போட வேண்டும். முன்னால் இறப்பர் உருளை பூட்டலாம் என்றாள் அக்கா.

"தொட்டவுடன பந்தை உள்ளுக்கு இழுக்கும் அப்பா. ஒண்டு ரெண்டு சிக்கும், பரவாயில்லை."

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். "சிக்கிறதெல்லாம் ஒரு வேலையே? இடுக்கி பிடிச்சால் விடாது," என்றேன்.

"இடுக்கியெண்டால் பந்துக்கு நேராப் போய் நிக்க வேணும். நேரம் காணாது."

"எனக்கே படிப்பிக்கிறீங்களோ மகள்?"

அவள் இடுக்கியையே பூட்டினாள்.

கிண்ணியாவில் நடந்த போட்டியில் மற்ற ரோபோக்கள் பந்துகளை அள்ளின. எங்களுடையது ஒவ்வொரு பந்துக்கும் முன்னும் பின்னும் நகர்ந்து நேரம் போக்கியது. மொத்தம் மூன்றே பந்து.

"ஆர்ட யோசனை இந்த இடுக்கி?" என்று குழுப் பிள்ளைகள் கோபித்தார்கள்.

"என்ட," என்றாள் அக்கா.

பக்கத்தில்தான் நின்றேன். அத்தனை பேர் முன்னால் வெட்கமாக இருந்தது, வாய் திறக்கவில்லை. அதன் பிறகு அவர்கள் அவளைக் கூப்பிடவில்லை. அவளும் என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க ஏலாமல் இருக்கிறது.

நேற்றுத் தனியாகப் பாடசாலைக்குப் போனேன். ரோபோவில் இப்போது உருளை பூட்டியிருந்தது. கழற்றிய இடுக்கி மூலையில் கிடந்தது. அதன்மேல் ஓர் ஆணியால், 'இது அவளுடைய அப்பாவின் யோசனை' என்று கீறிவிட்டு வந்தேன்.