ஃப்ரெண்டுக்காக வந்தவர்கள்

எங்கள் தொழிலில் கஷ்டப்படுகிறவர் யாரும் நேரில் வருவதில்லை. அவருடைய ஃப்ரெண்டுதான் வருவார். அடையாறு பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு மனநல ஆலோசகராக இருக்கிறேன். வீட்டில் கல்லூரிப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டாம். "என்னாச்சுப்பா?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று பதில் வரும், உடனே அறைக் கதவு சாத்திக்கொள்ளும். நீங்கள் வீட்டில் சும்மா கேட்கிற அதே "ஒண்ணுமில்ல"வை நான் சம்பளம் வாங்கிக்கொண்டு நாள் முழுக்கக் கேட்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

போர்டு மாட்டிய கதை

என் அறை முதல் மாடியில். கீழே ஜெராக்ஸ் கடை, பக்கத்திலேயே படிக்கட்டு. என்னிடம் வருகிற பிள்ளைகள் முதலில் கையில் ஒரு தாளோடு ஜெராக்ஸ் வரிசையில் நிற்பார்கள். இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை, சட்டென்று படியேறிவிடுவார்கள். யார் கண்ணிலும் படாமல் வருவதற்கு அவர்களாகக் கண்டுபிடித்த வழி.

இது தெரியாத மேலிடம், திடீரென்று அக்கறை பொங்கி, வாசலில் பெரிய போர்டு மாட்டியது. "மனநல ஆலோசனை மையம்" என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் படம். அவ்வளவுதான், அந்த வாரம் ஈ காக்கா வரவில்லை. நான் சண்டை போட்டுக் கழற்ற வைத்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த எங்கள் அட்டெண்டர் மரகதம் அக்கா சொன்னது: "இங்க ஜெராக்ஸ் எடுக்கப்படும்னு மாட்டும்மா, கூட்டம் தாங்காது பாரு."

கூச்ச சுபாவம்

அபிராமபுரத்துப் பெண் ஒருத்தி வந்தாள். முதலாமாண்டு. "என் ஃப்ரெண்டுக்காக வந்தேன் மேம். எக்ஸாம்னாலே அவளுக்குக் கையெல்லாம் வேர்த்துடறது. ஆத்துல யாரோடயும் பேசறதில்ல, தட்டுல சாதத்த வெச்சுண்டு அப்படியே உக்காந்துண்டிருக்கா" என்றாள். கஷ்டம் ஃப்ரெண்டுடையது. கண்ணீர் மட்டும் இவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று வந்தது.

"அது நீதானே?" என்று நான் கேட்பதே இல்லை. அந்த ஃப்ரெண்டுதான் அவர்கள் பிடித்துக்கொண்டு நிற்கிற குடை. மழை பெய்யும்போது அதைப் பிடுங்குவேனா? அவள் ஃப்ரெண்டுக்கு என்னென்ன சொல்ல வேண்டுமோ எல்லாம் சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், வாசல் வரை போய்த் திரும்பினாள். "அடுத்த செவ்வாய்க்கிழமையும் அவளுக்காக நானே வரேன் மேம். அவ ரொம்பக் கூச்ச சுபாவம்."

தி.நகர் யாவாரி

ஒரு மாணவனின் அப்பா புயல் மாதிரி வந்தார். தி.நகரில் ஜவுளிக்கடை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். "எம் பையனுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு? எதுக்கு அவன் இங்க வாரான்? அவன் என்ன சொன்னான்னு நீங்க சொல்லித்தான் ஆவணும்" என்று மேசையைத் தட்டினார்.

அவன் சொன்னதை அவன் வாயால்தான் கேட்க வேண்டும், நான் சொல்ல மாட்டேன் என்றேன். கத்தினார். தண்ணீர் கொடுத்தேன். மறுபடி கத்தினார். மறுபடி தண்ணீர். "சரி, நீங்க நல்லாத் தூங்குறீங்களா சார்?" என்று கேட்டேன். மனிதர் அப்படியே அடங்கிவிட்டார். சாயங்காலம் பையனைக் கூட்டிக்கொண்டு எங்காவது நடந்துவிட்டு வருவதாக ஒப்புக்கொண்டு எழுந்தவர், வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரிஞ்ச யாவாரி ஒருத்தர் இருக்காரு. தீவாளி நெருங்கினாலே அவருக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிடும். அவரு வந்தா பாப்பீங்களா?"

மூடின கை

அதற்கப்புறம் என் தலைக்கனத்தைக் கேட்க வேண்டாம். ஃப்ரெண்டுக்கு என்று யார் வந்தாலும் அது அவர்களேதான், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்த நேரத்தில்தான் இம்ரான் வந்தான். சிந்தாதிரிப்பேட்டைப் பையன், கடைசி ஆண்டு. வலது கையை இறுக்கி மூடிக்கொண்டே உட்கார்ந்தான்.

"மேடம், என் ஃப்ரெண்டு ஒருத்தன் ரொம்ப டல்லா கீறான். அவன்து எல்லாத்தையும் தூக்கித் தூக்கிக் குடுத்துக்கினு கீறான். ஹெட்செட்ட ஒருத்தனுக்குக் குடுத்தான். நேத்து அவன் கிரிக்கெட் பேட்ட எங்கையில குடுத்து, இனிமே எனக்கு வேணாம் மச்சி, நீயே வச்சுக்கன்றான். அத்த யாரையும் தொடவே வுடமாட்டான் மேடம்."

ஆசையாய் வைத்திருந்ததையெல்லாம் ஒருவன் பங்கு போட்டுக் கொடுத்தால், எங்கள் தொழிலில் அது அபாய மணி. ஆனால் நான்தான் மேதாவியாயிற்றே! குரலைக் குழைத்துக்கொண்டு, "இம்ரான், அந்த பேட்டைக் குடுக்கும்போது உனக்கு எப்படிப்பா இருந்துச்சு?" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். மூடின கையைத் திறந்து மேசைமேல் ஒரு பைக் சாவியை வைத்தான். "அய்ய, எனக்கு இன்னா மேடம்? நான் ஷோக்கா கீறேன்! நெஜமாவே ஃப்ரெண்டுதான். எங்கியும் போயிடக் கூடாதுன்னு சாவியப் புடுங்கிக்கினு வந்துட்டேன். கீழ ஜெராக்ஸ் கடையாண்ட நிக்கிறான், நீ மொதல்ல எழுந்து வா!"

மீன்கடை அம்மா

செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினேன். இம்ரானின் ஃப்ரெண்டு சதீஷ் தூணில் சாய்ந்து நின்றிருந்தான். மேலே கூட்டி வந்து நேராகவே கேட்டேன்: "உயிரோட இருக்க வேணாம்னு தோணுதாப்பா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பலர் பயப்படுவார்கள். அப்படியெல்லாம் இல்லை, கேட்டுவிட வேண்டும். ஆமாம் என்று தலையாட்டினான். அப்புறம்தான் பேசவே ஆரம்பித்தான். வருகைப்பதிவு குறைந்து பரீட்சை எழுத விடவில்லை, வீட்டில் சொல்லவில்லை. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிற அம்மா, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எம்புள்ள டிகிரி முடிக்கப் போறான்" என்று பெருமையடித்துக்கொண்டிருக்கிறார்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று கெஞ்சினான். மற்ற எல்லா ரகசியத்தையும் காப்பேன், இதை மட்டும் முடியாது என்று அவன் எதிரிலேயே போன் போட்டேன். அம்மா ஆட்டோவில் கடையிலிருந்து அப்படியே வந்து இறங்கினார், கையில் மீன் செதில்கூடப் போகவில்லை. பக்குவமாகச் சொல்ல நாலு வாக்கியம் தயார் பண்ணி வைத்திருந்தேன். அதற்கெல்லாம் அவர் இடமே கொடுக்கவில்லை. மகன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பரீச்ச போனா மறுக்கா எழுதிக்கலாம் நைனா. நீ பூட்டா நான் யாராண்ட போவேன்?"

பேட்

அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனோம். மருந்து, வாராவாரம் என்னோடு பேச்சு, துறைத்தலைவரோடு நான் போட்ட சண்டை என்று மாதங்கள் ஓடின. விட்ட செமஸ்டரை மறுபடி படிக்க அனுமதி கிடைத்தது. சதீஷ் வந்து உட்காருவான், கேட்டதற்குப் பதில் சொல்வான். ஆனால் அவனாக எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை கதவைத் தட்டாமலே இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். "பாருங்க மேடம் இவன! குடுத்த பேட்டத் திருப்பிக் கேக்குறான். வச்சுக்கன்னு சொன்னது இவன்தானே? தரமாட்டேன்னா சட்டையப் புடிக்கிறான்!" என்றான் இம்ரான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நீ என்னப்பா சொல்றே என்று சதீஷைப் பார்த்தேன். அவன் இம்ரானை முறைத்துக்கொண்டே சொன்னான்: "ஞாயித்துக்கெழம மேட்ச் கீது மேடம். நான்தான் ஓப்பனிங்."

இப்போதெல்லாம் யாராவது "ஃப்ரெண்டுக்காக வந்தேன்" என்று ஆரம்பித்தால், இத்தனை வருஷ அனுபவமுள்ள நான் முதலில் செய்வது, எழுந்து போய் ஜன்னல் வழியாகக் கீழே ஜெராக்ஸ் கடையை எட்டிப் பார்ப்பதுதான்.