மாமாவின் கட்டத்தில் என் எண்

1. போன கோடை, அல்சூர் ஏரிக்கரை. மாமாவின் நோட்டில் கூழைக்கடா பதினொன்று. என் நோட்டிலும் பதினொன்று.
2. தட்டான்: எனக்கு இருபத்திரண்டு, மாமாவுக்கு எட்டு.
3. அடுத்த மூன்று ஞாயிறும் ஏறக்குறைய இப்படியே.
4. வீட்டுக்கு வந்து கணினி அட்டவணையில் ஏற்றும்போது மாமாவின் எட்டை விட்டுவிட்டு, அவர் கட்டத்திலும் என் இருபத்திரண்டையே போட்டேன்.

மாமா என் அக்காவின் கணவர். ஜோகுபாளையத்தில் பள்ளி வேன் ஓட்டினார். கோடையில் ஞாயிறு காலைகளில் ஏரிக்கரையின் கல் பெஞ்சில் உட்காருவோம். பத்து நிமிடம் பறவை. வெயில் ஏறியதும் பத்து நிமிடம் தட்டான். எண்ணி முடிக்கும்வரை ஒருவர் நோட்டை மற்றவர் எட்டிப் பார்க்கக் கூடாது. அந்த விதியைப் போட்டது நான்தான்.

“என்ன மாமா, கண்ணத் தொறந்துகிட்டே தூங்கறீங்களா?” என்று அவர் நோட்டில் எட்டைப் பார்த்ததும் கேட்டேன்.

“போம்மா, கொசு பறந்தாக்கூட உனக்குத் தட்டான் கணக்கு” என்று சிரித்தார். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, “இல்ல, நெஜமாவே இந்த வருஷம் தட்டான் கம்மி” என்றார்.

கம்மி இல்லை. அவர் தோளை உரசிக்கொண்டுதான் சிவப்புத் தட்டான்கள் போய்க்கொண்டிருந்தன. கூழைக்கடா எதிரே நீரில் அசையாமல் மிதக்கும். தட்டான் பக்கவாட்டிலிருந்து வந்து அதே வேகத்தில் போய்விடும். எண்களைச் சரிபார்ப்பதுதான் என் தொழில். ஒத்துவராத எண் ஒன்று வந்தால், ஏன் என்று தெரியாமல் அலுவலகத்தில் நான் அதைத் தொடமாட்டேன். மாமாவுடைய எட்டை மட்டும் ஏன் என்று கேட்காமல் மாற்றினேன். அட்டவணை அழகாக இருந்தது.

இந்த ஆண்டு தொடக்கத்தில், காக்ஸ் டவுனில் காலி வேனைத் திருப்பும்போது ஓரமாக நின்றிருந்த ஸ்கூட்டரை இடித்துத் தள்ளினார். யாருக்கும் அடியில்லை. கண் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, கண்ணில் அழுத்தம் கூடி ஓரப் பார்வை போயிருக்கிறது, ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும், போனது திரும்பாது என்றார். முன்பே வந்திருந்தால் நிறைய மிஞ்சியிருக்குமாம். அன்று மாலை அக்கா என்னிடம் கேட்டாள்: “ஞாயித்துக்கெழம பூரா அவரோடதான இருந்த? உனக்கு ஒண்ணுமே தெரியலியா?”

“தெரியலக்கா” என்றேன்.

போன ஞாயிறு மறுபடி அதே பெஞ்சுக்குப் போனோம். மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி மாமா தலையை இடமும் வலமும் மெதுவாகத் திருப்பித் திருப்பி எண்ணினார். தட்டான் ஒன்பது. எனக்கு இருபது. “பாத்தியா, ஒண்ணு கூடியிருக்கு” என்றார். ஒன்பதை ஒன்பதாகவே ஏற்றினேன்.

மாமா இப்போது வேன் ஓட்டுவதில்லை. காலையும் இரவும் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறார். போன கோடையின் அட்டவணையில் அவர் கட்டங்களில் இன்னும் என் எண்கள்தான் இருக்கின்றன. அவர் கைப்பட எட்டு என்று எழுதிய நோட்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அக்காவிடம் இன்னும் காட்டவில்லை.