டெல்லிக்குப் போன மூன்றாவது பத்திரிகை

என் வீட்டுக்காரர் சங்கரலிங்கத்தை ராஜபாளையத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால் அவர் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்தவர் யாரும் கிடையாது. பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனியில் விற்பனைப் பிரிவு வேலை. பெட்டி நிறையச் சாம்பிளை அடைத்துக்கொண்டு மதுரையில் விமானம் ஏறுவார். ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளில் ஆர்டர் பிடித்துக்கொண்டு திரும்புவார். கோயிலுக்குப் போனால் தீபாராதனைத் தட்டு என் கைக்கு வருவதற்குள் இவர் வெளியே போய்ச் செருப்பு மாட்டியிருப்பார். "செத்த நேரம் இருந்தா என்னங்க?" என்றால், "இருந்து என்ன செய்யப் போறோம்?" என்பார். இருபத்தாறு வருடமாக இதே பதில்தான்.

டிக்கெட் கம்பெனி செலவு. ஆனால் பறந்த தூரத்துக்கெல்லாம் இவர் பெயரில் மைல்ஸ் சேரும். அது நிறையச் சேர்ந்தால் இலவசமாகப் பறக்கலாம். பதினோரு வருடம் சேர்த்தார். காலையில் எழுந்ததும் பேப்பர் பார்க்கிற மாதிரி அதைத்தான் போனில் பார்ப்பார். ஒரு தடவை நானும் மகள் மாரீஸ்வரியும் எங்காவது கூட்டிப் போங்கள் என்று கேட்டோம். "அதைத் தொடாதீய. ஒரு நல்ல காரியத்துக்கு ஆகும்" என்று வாயை அடைத்துவிட்டார்.

போன கார்த்திகையில் நல்ல காரியம் வந்தது. மாரீஸ்வரிக்குத் தை மாதம் கல்யாணம், ஸ்ரீவில்லிபுத்தூரில் மண்டபம். அதே வாரம் இவருக்கு ஒரு மெயிலும் வந்தது. டிசம்பர் முடிவோடு மைல்ஸ் எல்லாம் காலாவதியாம். மார்கழியில் நாங்கள் யாருக்கும் பத்திரிகை வைக்க மாட்டோம். அதனால் மார்கழி பிறப்பதற்குள் அந்த மைல்ஸில் பறந்து, வெளியூர்ச் சொந்தங்களுக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைத்துவிடலாம் என்று முடிவெடுத்தார்.

மூன்று வீடு. மும்பையில் இவருடைய சித்தப்பா மகன் சிவபாண்டி. ஹைதராபாத்தில் இவருடைய பெரியம்மா மகள். டெல்லியில் என் அண்ணன் உக்கிரபாண்டி, ரயில்வேயில் வேலை. மாரீஸ்வரிக்கு அவர் ஒருவர்தான் தாய்மாமன்.

சாமிக்கு வைத்த பிறகு முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அதற்குப் பிறகுதான் பக்கத்து வீடே. மணமேடைக்குப் பெண்ணைக் கூட்டி வருவதும், அவள் கழுத்தில் முதல் மாலையைப் போடுவதும் மாமன்தான். அவர் முகம் சுளித்தால் கல்யாண வீடு மொத்தமும் சுளிக்கும்.

இரண்டு நாள் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்து இவர் திட்டம் போட்டார். ஒரு விமானத்தில் மைல்ஸுக்கென்று நாலைந்து சீட்டுதான் விடுவார்களாம். வியாழக்கிழமை டெல்லிக்கு ஒன்றுகூட இல்லை. மும்பைக்கு இருந்தது. ஆகவே வியாழன் மும்பை, வெள்ளி ஹைதராபாத், சனி டெல்லி, அன்றைக்கே சென்னை வழியாக மதுரை.

"அண்ணன் மூணாவதா?" என்றேன்.

"சீட்டு இல்லைட்டி. நான் என்ன பண்ண?"

"டெல்லிக்கு மட்டும் காசு குடுத்து எடுங்க."

"கையில இம்புட்டு மைல்ஸை வச்சிக்கிட்டு எவனாவது காசு குடுப்பானா?"

"அப்ப அண்ணன்கிட்ட போன்ல விஷயத்தைச் சொல்லிருதேன். புரிஞ்சுக்கிடுவாரு."

"சொன்னாத்தான் வம்பு. சிவபாண்டிகிட்ட யாருக்கும் சொல்லாதன்னு சொல்லிட்டேன். மூணே நாள். யாருக்குத் தெரியப் போகுது?"

இது சரியில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். இருந்தும் நான் அண்ணனுக்குப் போன் பண்ணவில்லை. அந்தத் தப்பு என்னுடையது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆண்டாள் சந்நிதியில் ஒரு பத்திரிகையை வைத்துக் கும்பிட்டுவிட்டு வியாழக்கிழமை விடியலில் கிளம்பினோம். வெற்றிலை பாக்கு, குங்குமம், பூ, பழம், மூன்று தேங்காய் எல்லாவற்றையும் கைப்பையில் வைத்திருந்தேன். ஏர்போர்ட் சோதனையில் தேங்காயை எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள். பதினோரு வருடம் பறந்த மனிதருக்கு அது தெரியாது. ஆஸ்பத்திரிக்கு யார் தேங்காய் கொண்டுபோகிறார்கள்?

மும்பையில் தேங்காய் தேடி, நெரிசலில் மாட்டி, சிவபாண்டி வீட்டுக்குள் நுழையும்போது மணி ஒன்று நாற்பது. வியாழக்கிழமை ஒன்றரை முதல் மூன்று ராகு காலம். பத்திரிகையை எடுக்க முடியாது. இவர் கூண்டில் அடைத்த மாதிரி ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்தார். சிவபாண்டி மனைவி பரிபூரணம் அந்த நேரத்தில் பாயசம் வைத்து, பட்டுச்சேலை கட்டி, எதிர்வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுவிட்டாள். மூன்று மணி இரண்டு நிமிடத்துக்குத் தட்டை நீட்டினோம். மூன்று ஐந்துக்கு லிஃப்டில் இருந்தோம். பாயசம் தொண்டையிலேயே நின்றது.

லிஃப்ட் தரைக்கு வருவதற்குள் என் போன் சத்தம் போட்டது. சொந்தக்காரர்கள் எல்லாம் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் பரிபூரணம் ஒரு போட்டோ போட்டிருந்தாள். நாங்கள் தட்டை நீட்ட, அவர்கள் வாங்குகிற போட்டோ. கீழே, 'மாரீஸ்வரி கல்யாணத்தின் முதல் பத்திரிக்கை எங்களுக்கு!' என்று எழுதி, நாலு பூ வேறு.

சிவபாண்டிக்குப் போன் போட்டு இவர் கத்தினார். அவர் பாவம், "யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு இவகிட்டச் சொல்ல மறந்துட்டேன்ணே" என்றார். போட்டோவை எடுத்துவிட்டார்கள். அதற்குள் பார்க்க வேண்டியவர் பார்த்துவிட்டார். ஹைதராபாத்தில் இறங்கிப் போனை ஆன் பண்ணியதும் முதலில் கண்ணில் பட்டது, 'உக்கிரபாண்டி குழுவிலிருந்து வெளியேறினார்' என்ற வரிதான்.

அன்றிலிருந்து சனிக்கிழமை காலை வரை எத்தனை தடவை அண்ணனைக் கூப்பிட்டேன் என்று தெரியாது. எடுக்கவே இல்லை. ஹைதராபாத்தில் என்ன சாப்பிட்டேன், யாரிடம் என்ன பேசினேன் என்று கேட்டால் எனக்கு இப்போதும் சொல்லத் தெரியாது.

டெல்லியில் அண்ணனே கதவைத் திறந்தார். சனிக்கிழமை வருவோம் என்று மதினியிடம் முன்பே சொல்லியிருந்ததால் எங்களுக்காக லீவு போட்டிருந்தார். "வாங்க" என்றார். வாசலில் என்னைப் பார்த்தால் "ஏட்டி, இளைச்சுட்டியே" என்று தலையில் கை வைக்கிறவர், வெறும் "வாங்க" என்றார். மதினி ஏழெட்டு வகை சமைத்து வைத்திருந்தாள். சனிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு முடிந்தது. நானும் இவரும் எழுந்து நின்று தட்டை நீட்டினோம். அண்ணன் இரண்டு கையாலும் முறைப்படி வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரிகையை முழுக்கப் படித்தார்.

"மாப்ளை பேரு நல்லாருக்கு. கட்டாயம் வாரேன்" என்றார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "மூணாவது பத்திரிக்கைக்காரன் எப்படி வரணுமோ அப்படி வாரேன். பந்தியில உக்காந்து சாப்ட்டுட்டுப் போறேன்."

இவர் ஏதாவது சொல்வார், கையைப் பிடிப்பார், தப்புதான் என்பார் என்று பார்த்தேன். இவர் கடிகாரத்தைப் பார்த்தார். கீழே டாக்சி நின்றது. "சரி மச்சான், கல்யாணத்துல பேசிக்கிடலாம். ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு" என்று ஷூவை மாட்டக் குனிந்தார். மதினி சமைத்ததில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. விமானத்தில் எனக்கு ஜன்னல் சீட்டு பிடித்து வைத்திருந்தார். மேகத்தைப் பாரு, மேகத்தைப் பாரு என்றார். நான் மதுரை வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.

கல்யாணத்தன்று காலை அண்ணனும் மதினியும் வந்தார்கள். சீர்த்தட்டு இல்லை. மாரீஸ்வரி அறைக்குள்ளும் வரவில்லை. மொய் எழுதிவிட்டு நேரே கீழே சாப்பாட்டு ஹாலுக்குப் போய்விட்டார்கள். மேலே ஐயர், "பொண்ணுக்கு மாமன் யாரு? மாலை எடுத்துத் தாங்கோ" என்று இரண்டு தரம் கூப்பிட்டார். சபை முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. நல்ல நேரம் முடிய முக்கால் மணிதான் இருந்தது. மும்பையிலிருந்து வந்திருந்த சிவபாண்டி, மாமனுக்குப் பதிலாகத் தானே மாலை எடுத்துத் தரலாம் என்று துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"நீ உக்காருலே" என்றார் என் வீட்டுக்காரர். பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். நானும் பின்னால் ஓடினேன்.

தெரியாதவர்கள் நடுவில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். இலையில் பொங்கல் பாதிதான் குறைந்திருந்தது. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு இவர் உட்கார்ந்தார்.

"மச்சான், தப்பு என்னுது. இவ மொதல்லயே சொன்னா. நான்தான் கேக்கல."

அண்ணன் பொங்கலில் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். மாடியிலிருந்து யாரோ, "நேரமாகுது, வாங்க!" என்று கத்தினார்கள். இவர் திரும்பக்கூட இல்லை.

"நீங்க மெதுவா சாப்பிடுங்க. நீங்க வந்த பொறவுதான் முகூர்த்தம். நேரம் போனா போகட்டும். நான் இங்கயேதான் இருப்பேன்."

அண்ணன் நிஜமாகவே மெதுவாகச் சாப்பிட்டார். இன்னொரு வடை கேட்டு வாங்கினார். அதைச் சாம்பாரில் ஊறவிட்டார். எனக்கு உயிர் போனது. இவர் கடிகாரம் கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். கடைசியில் அண்ணன் இலையைத் தன் பக்கமாக மடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "எம் பிள்ளை மாலை எங்க இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

அவர் படியேறிப் போனதும் எனக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம். இவர் சட்டையைப் பிடித்து உலுக்காத குறையாக, "இந்த வார்த்தையை டெல்லியில சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"அங்க ரிட்டன் டிக்கெட் போட்டிருந்துச்சுல்லட்டி" என்றார்.